கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் மனநிலையை உண்மையிலேயே கவனிக்கிறார்களா, இல்லை ஜெபம் பண்ணச் சொல்லி அனுப்பிவிடுவார்களா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், மகளையோ மகனையோ ஒன்பதாம் வகுப்புக்கு ஏதோ ஒரு மிஷன் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றும், சொந்தக்காரர் யாரோ "அங்கே பிள்ளை வாய் திறக்க முடியாது" என்று பயமுறுத்தியிருக்கிறார் என்றும் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் வணிகவியல் எடுத்தவன். 2022-ல் ஓய்வு பெற்றேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர்க்காரர்கள் யாராவது ஊகித்தாலும் தயவுசெய்து கீழே எழுத வேண்டாம்.

உங்கள் கேள்விக்குப் பதில்: கவனிக்கிறார்கள், ஜெபம் பண்ணவும் சொல்கிறார்கள். பல நேரம் ஒரே ஆள், ஒரே நாளில் இரண்டையும் செய்வார். மாதத்தின் முதல் வெள்ளி திருப்பலி (பூசை), கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (வேதபாடம்), அதே பீரியடில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு, பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் தியானம், பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்து, கொடுப்பது, இதெல்லாம் அநேகமாக எல்லாப் பள்ளியிலும் உண்டு. இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும்கூட ஹால் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. (இதைப் படித்ததும் "மதமாற்றம்" என்று ஆரம்பிக்க வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நான் சொல்ல வந்தது வேறு.) ஒரு பிள்ளை உடைந்துபோய் நிற்கும்போது எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதை இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்கு அப்படி ஒரு பிள்ளை வந்தான். நான் செய்தது சரியில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மறக்காது. உள்பகுதியில் எங்களுக்கு ரப்பரும் வாழையும் போயிற்று, பல நாள் கரண்ட் இல்லை. கடப்புறத்தில், அதாவது கடலோர மீனவ ஊர்களில், ஆட்களையே இழந்தார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். அவர்கள் இருந்த தூரத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. யார் யார் வரவில்லை என்ற பட்டியலை அந்தந்தப் பங்குச் சாமியார்கள்தான் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் தலைமையாசிரியர் ஃபாதரும் அங்கே போய் உட்கார்ந்தார். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஏனென்றால் பின்னால் அவரைக் குறை சொல்லப்போகிறேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்த வாரம். காலை அசெம்பிளியில், புயலில் இறந்தவர்களுக்காக ஜெபம். நம் பள்ளிப் பிள்ளைகளின் அப்பாமார், அண்ணன்மார் பெயர்களை ஒருவர் வாசிக்க, எல்லோரும் "நித்திய இளைப்பாற்றி" என்ற, இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்கிறோம். ஒரு பெயர் வாசித்ததும் என் பிளஸ் ஒன் வகுப்புப் பையன் ஒருவன் வரிசையை விட்டு விறுவிறுவென்று நடந்து கேட்டுப் பக்கம் போய்விட்டான். நான் வகுப்பாசிரியர். பின்னாலேயே போய்ப் பிடித்து நிறுத்தி, "ஜெப நேரத்துல இப்படியா நடக்கிறது? கடப்புறத்துப் பசங்களுக்கு எதுலதான் பொறுமை இருக்கு" என்று கத்தினேன். ஆம், அப்படியே சொன்னேன். நாங்கள் உள்நாட்டுக்காரர்கள் கடப்புறத்தைப் பற்றி வீட்டுக்குள் என்னென்ன பேசுவோம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரே சபை, ஒரே ஜெபமாலை, ஆனாலும் பேசுவோம்.

அவன் அழவில்லை. "எங்கப்பா செத்துட்டாருன்னு யாரு சார் சொன்னது?" என்று கேட்டான்.

அன்று மாலை அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். மக்களே (எங்கள் ஊரில் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம்), மனசுல இருக்கிறதைச் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் சொன்னான். தினமும் ராத்திரி அப்பாவுடைய நம்பருக்குப் போன் போடுகிறான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்து அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்கிறான். செய்யாவிட்டால் கட் ஆகி, நம்பர் வேறு யாருக்காவது போய்விடுமாம். "அந்த அக்கா தொடர்பு எல்லைக்கு வெளியேன்னுதான் சார் சொல்லுது. ஆள் இல்லன்னு சொல்லல" என்றான். அம்மாவுக்கு இது தெரியாது. அரசு 20 லட்சம் அறிவித்திருந்தது. காணாமல் போனவர் ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாக எடுத்துக்கொள்ள முடியும் என்கிற விதியைத் தளர்த்தி, சீக்கிரம் தர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பணம் வாங்க வேண்டுமென்றால் அப்பா இறந்துவிட்டார் என்று அம்மா ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மா ஒத்துக்கொண்டால், இவன் ராத்திரி யாருக்குப் போன் போடுவான்?

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். வம்புக்குச் சொல்லவில்லை, சத்தியமாகப் பாவப்பட்டுத்தான் சொன்னேன். கேட்ட டீச்சர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் பாவப்பட்டுத்தான் மறுநாள் நன்னெறி வகுப்பில், தந்தைப் பாசம் என்றால் என்ன என்பதற்கு, பெயர் சொல்லாமல், ரீசார்ஜ் கதையை உதாரணமாகச் சொன்னார். பெயர் எதற்கு? அந்த வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மத்தியானம் ஒரு பையன் அவனிடம் போய் "லேய், உங்கப்பா போன எடுத்தாரா?" என்று கேட்டிருக்கிறான்.

ஒன்பது நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

பத்தாம் நாள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். ஃபாதர் அவனைத் தட்டிக்கொடுத்து, தியானத்துக்குச் சாமியார் வருகிறார், ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணு, மனசு லேசாகும் என்றார். செய்த பாவங்களைச் சாமியாரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். அவன் என்னைப் பார்த்து, "நான் என்ன சார் பாவம் பண்ணினேன்?" என்றான். ஃபாதர் கெட்டவர் இல்லை. அந்த மாதம் முழுக்க அவர் துக்க வீடுகளுக்கு நடந்து நடந்து ஓய்ந்துபோயிருந்தார். கையில் இருந்த மருந்தைக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அது அந்த நோய்க்கான மருந்து இல்லை.

அப்போது எங்கள் பள்ளிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு சிஸ்டர் வந்துகொண்டிருந்தார். உளவியல் படித்தவர், எங்கள் பள்ளி மடத்தைச் சேர்ந்தவர் அல்ல, பாடம் எடுப்பதில்லை, மார்க் போடுவதில்லை. நூலகத்துக்குப் பின்னால் பழைய வரைபடங்கள் அடுக்கிய ஒரு சின்ன அறை அவருக்கு. அவனைக் கூப்பிட்டதும் அவர் முதலில் சொன்னதை அவனே பிறகு என்னிடம் சொன்னான். "நீ சொல்றத வெளியே சொல்ல மாட்டேன். ஆனா நீ உனக்கே ஏதாவது செஞ்சுக்குவேன்னு தெரிஞ்சா, யாராவது உனக்குக் கெடுதல் செய்றாங்கன்னு தெரிஞ்சா, நீ வேற யாருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா, அத மட்டும் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முழுசாகச் சத்தியம் செய்துவிட்டு ஒரு டீக்குள் உடைத்தேன். அவர் காப்பாற்ற முடிந்த அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுத்தார்.

பிறகு நான் அவரிடமே போய் உட்கார்ந்து கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அவர் சொன்ன ஒன்று என்னைவிட நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே வராது என்று கேட்டு வளர்கிறவர்கள். அந்த முத்திரையைச் சாமியார் எந்தக் காரணத்துக்காகவும் உடைக்க முடியாது. அதனால் வெள்ளை அங்கி போட்ட யாரிடம் சொன்னாலும், அந்தப் பள்ளியின் சாரிடம் சொன்னாலும்கூட, அப்படியே பூட்டிக் கிடக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் ஆலோசனை அறை பாவசங்கீர்த்தனத் தொட்டி இல்லை. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியரானாலும் சரி, சிஸ்டரானாலும் சரி, சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். ஆகவே எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று பிள்ளையிடம் சொல்கிறவர் அன்பானவராக இருக்கலாம், ஆனால் விஷயம் தெரியாதவர்.

இன்னொன்றும் சொன்னார். திருச்சபைச் சட்டத்தில் 985 என்று ஒரு விதி உண்டாம். குருமடத்தின் (சாமியாராகப் படிக்கிற இடம்) அதிபரோ கல்வி நிறுவனத்தின் அதிபரோ, அதே வீட்டில் தங்கியிருக்கிற மாணவர்களுக்கு, மாணவரே தானாக விரும்பிக் கேட்டால் ஒழிய, பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது. டிசி கொடுக்கிற கையும் மனசைத் திறக்கச் சொல்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதை ரோமாபுரியிலேயே யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில்தான் வகுப்பாசிரியர், பரீட்சைப் பொறுப்பாளர், கவுன்சிலர் எல்லாம் ஒரே ஆள்.

"அப்போ வாத்தியார்கள் அக்கறையே காட்டக் கூடாதா" என்று ஒருவர் கேட்பார், தெரியும். காட்டலாம். ஏழைப் பிள்ளைகளுக்காகவே உழைத்த இத்தாலியச் சாமியார் தொன் போஸ்கோ 1884-ல் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில், பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவும் வேண்டும் என்ற கருத்து வரும். ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் எங்களுக்கு அதை நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள், எங்கள் மண்டபச் சுவரில் பெயிண்டிலும் எழுதியிருந்தது. ஆனால் நேரம் எங்கே? நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்களில் காலையில் வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தேன். எமிஸ், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு. வருகைப்பதிவு அதில் ஏற்ற வேண்டும், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏறவில்லையென்றால் மேலிருந்து போன் வரும். அப்புறம் ஆதார் எண், வங்கிக் கணக்கு, ரத்த வகை, பையன் உயரம், எடை. ஒரு பிள்ளையின் எடை எத்தனை கிலோ என்று அரசுக்கு நான் தெரிவித்திருக்கிறேன், அவன் மத்தியானம் சாப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள். இருக்கட்டும், யாரிடமாவது சொல்லியாக வேண்டும். புயல் வந்த அந்தக் கல்வியாண்டில்தான் பிளஸ் ஒன்னுக்கு முதல்முறையாகப் பொதுத்தேர்வு வேறு. மார்ச் மாதத்தை நினைத்து வாத்தியார்களும் பிள்ளைகளும் ஒன்றுபோல நடுங்கிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பையன் ஒவ்வொரு செவ்வாயும் நூலகத்துக்குப் பின்னால் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் விஷயமே. வெளியில் தெரிந்தது ஒன்றுதான். அடுத்த முறை அசெம்பிளியில் அந்த ஜெபம் வந்தபோது, "இறந்தவர்களுக்காகவும் இன்னும் கரை திரும்பாதவர்களுக்காகவும்" என்று வாசிக்கச் சொல்லி சிஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவன் வரிசையிலேயே நின்றான். பொதுத்தேர்வை எழுதினான், பாஸ் பண்ணினான். வணிகவியலில் சுமார்தான்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்டேன், ரொம்பத் தாமதமாக, பிளஸ் டூ முடித்து டிசி வாங்க வந்த அன்று. "பரவாயில்ல சார்" என்றான். பிள்ளைகள் வாத்தியார்களிடம் வேறென்ன சொல்வார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கைக்குப் போகும் நாளில் சிற்றாலயம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாம், எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். கவுன்சிலர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், அவரே பாடமும் எடுக்கிறாரா, அறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தலைமையாசிரியர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் எந்தப் பிள்ளையும் போகாது. "எங்க பிள்ளைங்களுக்கு அப்படிப் பிரச்சினையே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லும் பள்ளி என்றால் நான் இரண்டு முறை யோசிப்பேன், சிஸ்டர்ஸ் பள்ளியானாலும் சரி, சிபிஎஸ்இ ஆனாலும் சரி. வீட்டில் பிள்ளையின் நோட்டில் 1098, 14417, 14416 மூன்று நம்பரையும் எழுதி வையுங்கள். முதலாவது குழந்தைகளுக்கான உதவி எண், அடுத்தது நம் பள்ளிக்கல்வித் துறையுடையது, கடைசி டெலி மானஸ் மனநல எண். எழுதி வைப்பதற்குக் காரணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

அப்புறம், நீங்கள் கத்தோலிக்கர் இல்லையென்றால் மறைக்கல்வி வகுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நன்னெறி வகுப்பில் யார், என்ன கதை சொல்கிறார் என்று மட்டும் சாயங்காலம் பிள்ளையிடம் கேளுங்கள்.