வாசகர் கேள்வி பதில்: பேய்க்கணவாயும் ஒரு மனுஷனும்

போன இதழ்ல 'மை ஆக்டோபஸ் டீச்சர்' படத்தப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு மண்டபத்துல ஆரம்பிச்சு தேவிபட்டினம் வரைக்கும் நம்ம கடக்கரை ஆளுங்க இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. அதனால இந்த தடவ பூராவும் அந்தப் படம்தான். பாக்காதவங்களுக்காக கதைய சொல்லிடுறேன். கிரெய்க் ஃபாஸ்டர்னு தென்னாப்பிரிக்கா கேமராக்காரர், வேலை செஞ்சு செஞ்சு மனசு ஒடைஞ்சு, பெத்த புள்ளை மொகத்தக்கூட சரியா பாக்க முடியாத நெலமைக்கு வந்துட்டவரு, கேப் டவுன் பக்கம் ஃபால்ஸ் பே கடல்ல தெனமும் முங்க ஆரம்பிக்கிறாரு, அங்க ஒரு பொட்டை ஆக்டோபஸப் பாக்குறாரு, அதாவது நம்ம பேய்க்கணவாய். கிட்டத்தட்ட ஒரு வருஷம் அது சாகுற வரைக்கும் தெனம் போய் பாத்துட்டு வர்றாரு, அவ்வளவுதான் படம். இயக்குனது பிப்பா எர்லிக், ஜேம்ஸ் ரீட். 2020ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சு, 2021ல சிறந்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் வாங்குச்சு.

கேள்வி: அண்ணே, நாங்க கடல்பாசி எடுக்கப் போற ஆளுங்க. கடலுக்குள்ள இருக்குற பாறைத் திட்டுல, அதான் பார்ல, பேய்க்கணவாய் கையில கெடச்சா எடுத்துட்டு வந்து கொழம்பு வைப்போம். ஒன்பதாவது படிக்கிற என் மக இந்தப் படத்த போன்ல பாத்ததுல இருந்து தட்டத் தள்ளி வச்சிட்டு அழுவுறா, 'நீ அத கொன்னுட்டியே'ங்குறா. நான் செய்யிறது பாவமா? (வாசகி, மண்டபம்)

பாவம் இல்ல தங்கச்சி. இத மொதல்ல உங்க மக கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்தப் படத்துலயே ஆக்டோபஸ் தெனமும் நண்டையும் சிங்கி எறாலையும் அடிச்சு தின்னுட்டுத்தான் இருக்கு, அது தின்னா கடல் வாழ்க்கை, நீங்க தின்னா கொலைன்னு ஒரு கணக்கு கெடையாது. ஆனா புள்ளை அழுவுறதையும் நான் சின்ன விஷயமா எடுத்துக்க மாட்டேன், வற்புறுத்தி ஊட்டாதீங்க, அவளுக்கு அது இப்ப வேணாம், அவ்வளவுதான்.

இதுக்கு மேல நான் கேக்க நெனைக்கிறது வேற. உங்க மக போன்ல ஒன்னரை மணி நேரம் பாத்தத நீங்க எத்தன வருஷமா கண்ணு முன்னாடி பாத்துட்டு இருக்கீங்க? கல்லு பொந்து வாசல்ல நண்டு ஓடும் சிப்பியும் குமிஞ்சு கெடந்தா உள்ள ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். விரல்ல துணி சுத்திட்டு, கண்ணாடிய மாட்டிட்டு, சேலை மேல சட்டையப் போட்டுட்டு மரிக்கொழுந்து பாசி பறிக்க முங்குற உங்களுக்கு அந்தப் பார்ல எந்தக் கல்லு எங்க இருக்குன்னு மனப்பாடம். ஃபாஸ்டர் அதே படிப்புக்காகத்தான் சிலிண்டர் இல்லாம, உடம்பு மூடுற ரப்பர் டிரஸ்ஸும் இல்லாம, 8, 9 டிகிரி வரைக்கும் எறங்குற தண்ணியில தெனமும் முங்குனாரு. உங்க படிப்ப யாரும் படமா எடுக்கல, அது ஒன்னுதான் வித்தியாசம். சின்னப்பாலத்துல பாசி எடுக்குற லட்சுமி மூர்த்திக்கு 2015ல அமெரிக்காவுல, தீவோட இயற்கையக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜி விருது குடுத்தாங்களே, அந்தப் பொம்பளைங்க தாங்களே கூடிப் பேசி மாசத்துல இத்தன நாள்தான் பாசி எடுப்போம், பாசி வளர்ற காலத்துல கடலுக்கே எறங்க மாட்டோம்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்களே, அத உங்க மகளுக்குச் சொல்லிருக்கீங்களா?

ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். பொந்துக்குள்ள கூரையில வெள்ளையா நெல்லுமணிச் சரம் மாதிரி முட்டை தொங்கி, தாய் அத மூடிட்டு உக்காந்திருந்தா விட்டுருங்க. அது அந்த எடத்தவிட்டு நகராது, எரை எடுக்காது, முட்டை மேல தண்ணிய ஊதி ஊதி சுத்தம் பண்ணிட்டே இருக்கும், குஞ்சு பொரியிற சமயத்துல தாய் செத்துப் போகும். கண்ணுக்குப் பக்கத்துல இருக்குற ஒரு சுரப்பிதான் இதுக்குக் காரணம்னு 1977ல ஜெரோம் வோடின்ஸ்கிங்குற ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சாரு, அந்தச் சுரப்பிய எடுத்துட்டா தாய் முட்டைய விட்டுட்டு மறுபடி எரை தின்ன ஆரம்பிச்சு இன்னும் கொஞ்ச காலம் உசுரோட இருந்துச்சு. அந்த நெலமையில அது உடம்பு வத்திப் போய் கெடக்கும், கொழம்புக்கும் தேறாது, ஆனா அது இருந்தாத்தான் குஞ்சு பொரியும்.

கேள்வி: சுறா வந்து அது கைய கடிச்சு இழுக்குது, இந்த ஆளு பக்கத்துல நின்னு படம் எடுத்துட்டு இருக்காரு. கூட்டாளின்னு சொல்லிட்டு ஒரு குச்சிய எடுத்து வெரட்டக்கூட இல்லையே, இது என்ன பாசம்? (வாசகர், கீழக்கரை)

மொத தடவ பாத்தப்ப எனக்கும் நெஞ்சு கொதிச்சுச்சு காக்கா, அதாவது அண்ணே. அந்த ஊர்ல பைஜாமா சுறான்னு சொல்ற ஒடம்புல கோடு போட்ட சுறா, அது பொந்துக்குள்ள மூஞ்சிய விட்டு ஒரு கைய பிச்சுட்டுப் போயிரும், அப்பறம் அந்த ஆக்டோபஸ் வெளுத்துப் போய் அசையாம கெடக்குறதப் பாக்க முடியல. அந்த எடத்துல ஃபாஸ்டர் தானே தவிச்சதா படத்துல சொல்றாரு, தவிச்சும் கைய கட்டிட்டு இருந்தாரு. ரெண்டாவது தடவ பாக்கும்போதுதான் எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்தாரு.

தாத்தா சங்கு குளிச்சவரு. கால்ல அலுமினியத் தகட்டக் கட்டிட்டு, மூச்சப் புடிச்சு முங்கி, மணல்ல சங்கு ஊர்ந்து போன கோட்டப் பாத்தே அது எங்க பொதஞ்சு கெடக்குன்னு கண்டுபிடிக்கிறவரு. நான் பத்து வயசுப் பையனா இருக்கும்போது நீர் வத்துன நேரத்துல பார் மேல ஒரு குட்டிப் பேய்க்கணவாய் நண்டப் புடிச்சு சுருட்டிட்டு இருந்துச்சு, நண்டு காலு துடிக்குது, நான் பாவம்னு சொல்லி நண்டப் புடுங்கி விட்டுட்டேன். தாத்தா கையில ஒரு அடி போட்டாரு. 'அது காலையில இருந்து அலைஞ்சு தேடுன சோறுடா, நீ குடுப்பியா நாளைக்கு?' அப்படின்னாரு. அந்த அடி இன்னைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. ஃபாஸ்டர் சுறாவ வெரட்டிருந்தா சுறாவுக்கு அன்னைக்கு சோறு இல்ல, நாளைக்கும் வரும், நாளைக்கும் வெரட்ட அவரு அங்க இருக்க முடியாது. அந்த வெட்டுப்பட்ட கை சில மாசத்துல முழுசா மொளைச்சிரும், இன்னொரு தடவ சுறா தொரத்துறப்ப அது சிப்பி ஓட்டையெல்லாம் எடுத்து ஒடம்பு மேல ஒட்டிட்டு உருண்டையா உக்காரும், அப்பறம் சுறா முதுகு மேலயே ஏறி உக்காந்துக்கும், சுறாவால கடிக்க முடியாத ஒரே எடம் அதுதானே! இவரு குறுக்க போயிருந்தா அந்த மூளைய நம்ம யாரும் பாத்திருக்க மாட்டோம்.

ஆனா இத எல்லாத்துக்கும் நீட்டிக்கக் கூடாது. சுறா கடலோட ஆளு, வலை நம்ம ஆளு. நம்ம போட்ட வலையில, நம்ம விட்ட நைலான் கயித்துல ஒரு ஜீவன் மாட்டுனா அங்க கைய கட்டிட்டு நிக்க நமக்கு உரிமை இல்ல, கீழ பெரியபட்டினத்துக்காரருக்கு எழுதுறதையும் படிங்க.

கேள்வி: ஆக்டோபஸ் ரத்தம் நீலம்னு சொல்றாங்களே? (வாசகர், ஏர்வாடி)

ஆமா. நம்ம ரத்தத்துல இரும்பு, அதுக்கு செம்பு, அதான் நீலம். இதயமும் மூணு.

கேள்வி: பள்ளிக்கூடத்துல உயிரியல் சொல்லித் தர்றேன். அந்த ஆக்டோபஸ் கைய நீட்டி அவரு விரலத் தொடுறதையும், நெஞ்சு மேல வந்து ஒட்டிக்கிறதையும் அன்புன்னு பசங்க கிட்ட சொல்லலாமா? மனுஷன அது அடையாளம் கண்டுக்குமா? (வாசகர், ராமநாதபுரம்)

அடையாளம் கண்டுக்கும் சார், அதுல சந்தேகம் வேணாம். 2010ல சியாட்டில் அக்வேரியத்துல நடத்துன சோதனைய பசங்க கிட்ட சொல்லுங்க, ரொம்ப புடிக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி யூனிஃபார்ம், ஒருத்தர் எரை போடுவாரு, இன்னொருத்தர் சொரசொரப்பான குச்சியால தொட்டு தொந்தரவு பண்ணுவாரு, ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா எரை போட்டவரு வந்தா கிட்ட வருது, குச்சிக்காரரு வந்தா வெலகிப் போவுது. அதுக்கு ஒடம்புல சுமார் 50 கோடி நரம்பணு, அதுல மூணுல ரெண்டு பங்கு கைகள்ல இருக்கு, அதனால அது கையால தொடுறது நம்ம கை குலுக்குற மாதிரி இல்ல, தொட்டே ருசி பாக்குது, தொட்டே யோசிக்குதுன்னுகூட சொல்லலாம்.

அன்புங்குற வார்த்தைய மட்டும் நான் போட மாட்டேன். தனியா பொறந்து, அப்பன் ஆத்தா மொகம் பாக்காம, கூட்டம் சேராம தனியா வாழ்ற ஜாதி அது, நாயோட பாசமோ யானையோட பாசமோ அதுகிட்ட தேடுனா அத கொறைச்சுப் பேசுற மாதிரி ஆயிரும். படத்துல அவரு சொல்ற வார்த்தையில அங்கங்க உருகல் கூடுதலா இருக்கு, பின்னணி இசையும் சேந்து நம்மள அழ வைக்கப் பாக்குது, அது எனக்குப் புடிக்கல. பயப்பட வேண்டிய ஒரு ஜீவன் பயத்த விட்டுட்டு, நீ யாருன்னு பாக்க ஒரு கைய வெளிய நீட்டுது பாருங்க, அது தனி விஷயம், அன்புன்னு பேரு வைக்காமலேயே அது பெருசுதான்.

பசங்களுக்கு இன்னொன்னும் சொல்லலாம். ஒரு நாள் ஃபாஸ்டர் கையில இருந்த கேமரா லென்ஸ் நழுவி விழுந்து, ஆக்டோபஸ் மெரண்டு போய் பொந்தையே காலி பண்ணிட்டுப் போயிரும். அப்ப இவரு தேடுற விதம் இருக்கே! இவரு முன்னாடி ஆப்பிரிக்காவோட கலஹாரி பாலைவனத்துல சான்ங்குற பழங்குடி வேட்டைக்காரங்க தடம் பாத்து மிருகத்தப் பின்தொடர்றத 2000ல படமா எடுத்தவரு, அந்தப் படிப்ப தண்ணிக்குள்ள கொண்டு வர்றாரு, ஒடஞ்ச சிப்பி, தோண்டுன மணல், நண்டு ஓடு இப்படி ஒன்னொன்னா பாத்துப் பாத்து மறுபடி கண்டுபிடிச்சிருவாரு. எங்க தாத்தா சங்குக்கு செஞ்சது இதுதான் சார்.

கேள்வி: முதுமலை யானைப் படமும் ஆஸ்கர் வாங்குச்சே, ரெண்டுல எது ஒசத்தி? (வாசகர், தேவிபட்டினம்)

கார்த்திகி கொன்சால்வஸோட 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்', 2023ல குறும் ஆவணப்படத்துக்கு ஆஸ்கர். தெப்பக்காடு முகாம்ல பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத யானைக்குட்டி ரகுவ வளக்குறாங்க. அது வளர்ப்பு, இது வேடிக்கை பாக்குறது, ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது. வீட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா யானைய மொதல்ல காட்டுங்க, முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

கேள்வி: நம்ம கடல்ல இந்த மாதிரி மனுஷனுக்கும் கடல் ஜீவனுக்கும் ஒரு ஒறவு இருக்கா? (வாசகர், பெரியபட்டினம்)

உங்க ஊர்ல இருந்து இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு சந்தோஷம், ஏன்னா பதில் ஆவுளியா. புத்தகத்துல கடல்பசுன்னு போடுவாங்க, நம்ம ஊரு பேரு ஆவுளியா. ஒரு காலத்துல இந்தக் கடக்கரை பூரா அத வெட்டிக் கறி போட்டதுதான், மறைக்க ஒன்னுமில்ல. கடல்புல்லு மேஞ்சுட்டு சாதுவா திரியிற ஜீவன், மார்ல பால் குடுத்து குட்டி வளக்கும், பதிமூணு மாசத்துக்கும் மேல சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும், அடுத்த குட்டிக்கு பல வருஷம் ஆவும். அதுக்கு இருக்குறது நம்மள மாதிரி நுரையீரல், சில நிமிஷத்துக்கு ஒரு தடவ மேல வந்து மூச்சு வாங்கணும், வலையில மாட்டி மேல வர முடியாம போச்சுன்னா மூச்சு முட்டித்தான் சாவும். வலைய இழுக்கும்போது கனமா இருக்கேன்னு பாத்தா ஆவுளியா, இன்னும் உசுரு இருக்கு, அந்த எடத்துல நம்ம ஆளுங்க தன் வலையத் தானே அறுத்து விட்டுருக்காங்க பாருங்க, அதுதான் ஒறவு. வலைக்காசு யாரு தருவான்னு யோசிக்க நேரமில்லாத எடத்துல எடுத்த முடிவு அது. அப்படி விட்டவங்கள வனத்துறை கூப்பிட்டு பாராட்டி பணமும் குடுத்திருக்கு. 2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டர கடல்பசு பாதுகாப்பகமா அறிவிச்சுச்சு, இந்தியாவுலயே இதுதான் மொதல்ல. தொண்டியத் தாண்டுனா அந்தக் கடல்தான். கேமரா இல்லாம நடந்த இந்தக் கதைய யாராவது ஒரு நம்ம ஊருப் புள்ளை படமா எடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

கேள்வி: நான் ஏழாவது படிக்கிறேன். அவரு ஏன் அந்த ஆக்டோபஸுக்கு பேரே வைக்கல? நீங்களா இருந்தா என்ன பேரு வைப்பீங்க? (மாணவி, தங்கச்சிமடம்)

நல்லா கவனிச்சிருக்க தாயி, படம் பூராவும் 'அவ'ன்னுதான் சொல்றாரு. பேரு வச்சா அது நம்ம வீட்டு ஆளு ஆயிரும், கூப்புடத் தோணும், தூக்கிட்டு வந்து தொட்டியில விடத் தோணும். நானும் வைக்க மாட்டேன்.

உனக்கு ஒரு பழைய விஷயம் சொல்றேன். பாக் விரிகுடாப் பக்கம், விரல் மாதிரி முனை நீட்டிட்டு இருக்குற ஐவிரல் சங்கோட காலி ஓட்ட கயித்துல வரிசையா கட்டி கடல்ல எறக்கி வைப்பாங்க, எரையே வைக்க மாட்டாங்க, குட்டிப் பேய்க்கணவாய் ஒளிஞ்சுக்க ஒரு வீடு கெடச்சுச்சுன்னு தானா போய் உள்ள உக்காந்துக்கும், காலையில இழுத்தா அப்படியே வரும். அதுக்கு எப்பவும் வேணுங்கிறது ஒரு பொந்துதான். உங்க தாத்தா, மாமா யாராவது அப்படி சங்கு கட்டிப் புடிச்சிருக்காங்களான்னு வீட்ல கேளு, கயித்துக்கு எத்தன சங்கு கட்டுவாங்க, எந்த மாசம் எறக்குவாங்கன்னும் கேளு. கேட்டுட்டு எனக்கு எழுது, அடுத்த இதழ்ல போடுறேன்.