வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி: அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகளுக்குச் சில பதில்கள்

நான் டெக்சஸ் மாநிலத்தில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். எங்கள் குடியிருப்பில் நகைக்காக இரண்டு இந்திய வீடுகளை உடைத்துவிட்டார்கள். எந்தக் கைத்துப்பாக்கியை வாங்கலாம்?

எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை 1998 முதல் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை நீங்குவதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு என்பதையும், அந்த உரிமம் எளிதில் கிடைக்கும் என்பதையும் கடைக்காரர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் உரிமம் காலாவதியாகி அதை நீங்கள் புதுப்பிக்க மறந்துவிட்டால், அன்று முதல் அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். அதற்கான தண்டனை 2022-க்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை நீள்கிறது; குடியேற்ற விண்ணப்பத்தின் கதி தனி. கிரீன் கார்டு பெற்ற மனைவியின் பெயரில் வாங்கி இருவரும் எடுக்கக்கூடிய இடத்தில் வைப்பதும் உங்களைக் காப்பாற்றாது, ஏனெனில் எட்டும் நிலையில் இருப்பதையே ‘வைத்திருத்தல்’ என்று நீதிமன்றம் கருதக்கூடும். கிரீன் கார்டு வரும் வரை கதவின் பூட்டுத் தகட்டை மூன்று அங்குலத் திருகாணிகளால் நிலைச்சட்டத்தோடு இறுக்குங்கள், நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள்.

கிளாக், சிக், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகியவற்றில் எது மிக நம்பகமானது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். நல்ல பெயருள்ள நிறுவனங்களிடையே இன்று பெரிய வேறுபாடு இல்லை. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17, அதன் சற்றுச் சிறிய வடிவமான கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம்&பி வரிசை ஆகியவற்றைப் பல காவல் துறைகள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவிட்டன. அந்தப் பழக்கத்தைத்தான் நான் சான்றாகக் கொள்கிறேன். விளம்பரத்தையும் காணொளி விமர்சகர்களையும் அல்ல.

பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைக் கட்டிலில் குறை இருந்தால் அதைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் படைத்த அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியின் மீது அந்த அதிகாரம் இல்லை; அதை நிறுவிய 1972-ஆம் ஆண்டுச் சட்டமே துப்பாக்கியை விலக்கிவைத்தது. ஆகவே குறை வெளிப்பட்டால் நிறுவனம் தானாக முன்வந்தால்தான் உண்டு. சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது சோதனைகளில் தெரியவந்த பிறகு, சிக் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தன் பி320 பிஸ்டலுக்கு ‘விருப்ப மேம்பாடு’ என்ற பெயரில்தான் திருத்தம் அறிவித்தது. புது மாதிரி வெளிவந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் அதை வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கி நம்பகமானதா என்பதை நீங்கள்தான் சோதித்தறிய வேண்டும். வாங்கியதும் குறைந்தது 200 பயிற்சித் தோட்டாக்களும், வீட்டில் எந்தத் தோட்டாவை வைக்கப்போகிறீர்களோ அதே வகையில் 50-உம் சுடுங்கள். விலை கூடியது என்று அந்த 50-ஐத் தவிர்ப்பவர்களே அதிகம். சிக்கல் வந்தால் முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டியை, சந்தேகியுங்கள். ஒவ்வொரு மேகசினுக்கும் எண்ணிட்டு வைத்தால் குற்றவாளி எது என்று அன்றே தெரிந்துவிடும். அடுத்த சந்தேகம் உங்கள் மணிக்கட்டின் மீது வரட்டும்: பிடி தளர்ந்திருந்தால் ஸ்லைடு (ஒவ்வொரு முறை சுட்டதும் பின்சென்று அடுத்த தோட்டாவை ஏற்றும் மேற்பகுதி) முழுதும் பின்சென்று திரும்பப் போதிய எதிர்ப்பு கிடைக்காமல், குறையற்ற பிஸ்டலும் தோட்டா சிக்கி அடைத்துக்கொள்ளும்.

என் தாயாருக்கு வயது 61, கிரீன் கார்டு உள்ளவர், பகலில் தனியாக இருக்கிறார். விரல்களில் மூட்டுவலி உண்டு. ரிவால்வர் எளிது, அடைக்காது என்கிறார்கள். சரியா?

பாதி சரி. சுழலும் உருளையில் தோட்டாக்களை வைக்கும் ரிவால்வரைப் புரிந்துகொள்வது எளிது, சுடுவது எளிதன்று. சுத்தியலைப் பின்னிழுக்காமல் சுடும்போது அதன் விசைவில்லை (ட்ரிகர்) இழுக்கப் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு அழுத்தம் தேவைப்படும். மூட்டுவலி உள்ள விரலுக்கு அது பெரும் சுமை. பையில் வைக்கும் ஐந்து தோட்டாச் சிறு ரிவால்வரோ இலேசாக இருப்பதாலேயே கையை உதறிவிடும். அடைக்காது என்பதும் முழு உண்மையன்று. எரியாத மருந்துத் துகள் உருளைக்கு அடியில் சிக்கினால் அது சுழல மறுக்கும், பிஸ்டலைப் போல ஸ்லைடை ஒருமுறை இழுத்துச் சரிசெய்யவும் முடியாது. கை வலுக் குறைந்தவர்களுக்காகவே ஸ்லைடை எளிதில் இழுக்கும்படி அமைத்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈசி போன்ற, .380 என்ற தோட்டா வகையைச் சுடும் பிஸ்டல்கள் உண்டு. வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்கு அவரையே அழைத்துச் சென்று இரண்டையும் சுட்டுப் பார்க்க விடுங்கள். அங்கே அவருக்கு விருப்பமே இல்லை என்று தெரிந்தால் பேச்சை அத்தோடு விட்டுவிடுவது நல்லது. மகனின் கவலைக்காகத் தாய் ஆயுதம் எடுக்க வேண்டியதில்லை.

தோட்டாவின் அளவில் 9 மி.மீ. போதுமா, .45 (அங்குலம்) வேண்டுமா?

போதும். 1986-இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு அதிகாரிகளை இழந்த பிறகு எஃப்பிஐ 9 மி.மீ.யைக் குறை கூறி 10 மி.மீ., .40 என்று நகர்ந்தது; தோட்டா வடிவமைப்பு மேம்பட்டதும், உதைப்புக் குறைந்ததால் அதிகாரிகள் குறிதவறாமல் சுடுகிறார்கள் என்று கண்டு 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது.

வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். தோட்டா பக்கத்து வீட்டுக்குள் போய்விடுமா?

போகும். அமெரிக்க வீட்டின் உட்சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகைகளால் ஆனது. கைத்துப்பாக்கித் தோட்டா அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துச் செல்லும். முனையில் குழியுள்ள, உடலில் பட்டதும் விரியும் ஹாலோ பாயின்ட் தோட்டா ஆளைத் துளைத்து வெளியேறும் வாய்ப்பைக் குறைக்கிறது. குறி தவறிச் சுவரில் பட்டாலோ, அதன் குழியில் ஜிப்சம் அடைத்துக்கொண்டு சாதாரணத் தோட்டா போலவே பாயும். எனவே எந்தப் பக்கம் சுடவே கூடாது என்பதைப் பகல் வெளிச்சத்தில் வீட்டைச் சுற்றி நடந்து முடிவு செய்யுங்கள். குழந்தைகளின் படுக்கையறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் அதில் முதல் கேள்வி.

நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூட்டிவைத்தால் அவசரத்துக்கு உதவாதே?

பூட்டாமல் வைப்பதாக இருந்தால் வாங்காதீர்கள். அலமாரியின் மேல்தட்டு, மெத்தைக்கு அடி, சேலை மடிப்பு என்று பெற்றோர் சொல்லும் எல்லா ‘மறைவிடங்களும்’ பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. கட்டிலருகே தரையிலோ சட்டத்திலோ போல்ட் போட்டுப் பொருத்தும் விரைவுப் பெட்டகங்கள் இருக்கின்றன. கைரேகையை மட்டும் நம்புவதைவிட நான்கைந்து பொத்தான்களை இருட்டில் தடவி அழுத்தும் வகையையே நான் விரும்புகிறேன், ஏனெனில் வியர்த்த விரலைக் கைரேகைக் கருவி பல நேரம் ஏற்பதில்லை. பழகியவர் சில நொடிகளில் திறந்துவிடலாம். மின்கலத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

இதே கேள்வியில் எவரும் எழுதாத பகுதி ஒன்று உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். 2021-இல் 48,830 பேரில் 26,328 பேர் அப்படி இறந்தவர்கள். வீட்டில் மனச்சோர்வில் யாராவது இருந்தால், அது வேலை இழந்த நீங்களாகவே இருந்தாலும், துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக ஒப்படைத்துவிடுங்கள். சில கடைகளும் காவல் நிலையங்களும் அதை வாங்கி வைத்துக்கொள்கின்றன.

நள்ளிரவில் யாரோ உள்ளே வந்தால் சட்டப்படி சுடலாமா?

உங்கள் மாநில வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் செலுத்திக் கேட்க வேண்டிய கேள்வி இது. சொந்த வீட்டுக்குள் பின்வாங்கித் தப்ப வேண்டிய கடமை பெரும்பாலான மாநிலங்களில் இல்லை என்றாலும், உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் நியாயமானதாக இருக்க வேண்டும். 1992-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், விருந்து நடக்கும் வீடு என்று எண்ணித் தவறான வீட்டின் அழைப்பு மணியை அடித்த 16 வயது ஜப்பானிய மாணவரை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார்; உரிமையியல் வழக்கில் பெரும் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பாயிற்று. துப்பாக்கிக்கு முன்பே நல்ல கைவிளக்கு ஒன்றை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். குடும்பத்தை ஒரே அறையில் சேர்த்துக் கதவைத் தாழிட்டு, 911-ஐ அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள். வீட்டுக்குள் தேடிப் போக வேண்டாம். பாதி வழக்குகளில் ‘திருடன்’ தாமதமாகத் திரும்பிய மகன்தான் என்று என் மாணவரான ஒரு காவலர் சொல்வார், அவர் கணக்கில் மிகை இருக்கலாம்.

சென்னைக்கே திரும்பப் போகிறோம். துப்பாக்கியைக் கொண்டு செல்லலாமா?

இந்திய உரிமம் முன்கூட்டியே கையில் இல்லாமல் முடியாது. மேலும் 9 மி.மீ. அங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. உரிமம் பெற்ற கடையின் வழியாக இங்கேயே விற்றுவிடுங்கள். அதைவிட முக்கியமாக, சுடுதளத்துக்கு எடுத்துச் சென்ற பையைப் பயணப் பையாக்காதீர்கள். உள்ளறையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலைய ஊடுகதிர்ச் சோதனையில் தெரிந்து, ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகி, விமானத்தையும் விடுமுறையையும் இழந்த வெளிநாடுவாழ் இந்தியர்கள் பலர். அறிந்து வைத்திருக்கவில்லை என்று காட்டி உயர்நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய வழி உண்டு, ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.