தாவர எண்ணெய் சேர்த்த சாசேஜுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: பிள்ளைகள் சிக்கன் சாசேஜ் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். கடையில் ஒன்று கோழிக்கொழுப்பு சேர்த்தது. இன்னொன்றில் ‘தாவர எண்ணெயில் செய்தது’ என்று முன்பக்கமே பெரிதாகப் போட்டு 35 ரூபாய் கூட வாங்குகிறார்கள். இதயத்துக்கு அது நல்லதா?

பதில்: முன்பக்கத்தை விடுங்கள், பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எந்த எண்ணெய் என்று பெயர் இருக்கும், இருந்தே ஆக வேண்டும், அது எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லேபிள் விதி. பாமாயில் என்றால் அந்த 35 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இதயத்துக்கு ஆகாதது நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). கோழிக்கொழுப்பில் அது சுமார் 30 சதவீதம், பன்றிக்கொழுப்பில்கூட 40 பக்கம்தான், பாமாயிலிலோ கிட்டத்தட்ட பாதி! தாவரம் என்ற ஒரு சொல்லை நம்பி அதிகக் காசும் கொடுத்து, குறைக்க நினைத்ததையே கூட்டி வாங்கி வருவது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம்.

சூரியகாந்தி எண்ணெய் என்றால் கதை வேறு, அதில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 11 சதவீதம்தான். ஆனால் அது கெட்டியாக நிற்காது, அப்படியே ஊற்றினால் வேகும்போது பிரிந்து வெளியே வந்துவிடும், அதனால் சோயா புரதமோ பால் புரதமோ தண்ணீரோடு சேர்த்து அடித்து, பிரியாத கெட்டிக் கலவையாக்கித்தான் இறைச்சியில் கலக்கிறார்கள். பாமாயில் அறைச் சூட்டிலேயே பாதி கெட்டி, விலையும் மலிவு, அதனால்தான் பல கம்பெனிகளுக்கு அது வசதி.

அப்புறம் ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ எவ்வளவு என்று இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாவர எண்ணெய் பாக்கெட்டில் அது நன்றாகக் குறைந்திருந்தால் கூடுதல் காசு தகும். எடை குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், எந்தக் கொழுப்பானாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

சரி, நல்ல எண்ணெயாகவே இருக்கட்டும், உப்பும், இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் நைட்ரைட்டும் (லேபிளில் 250 என்ற எண்) அங்கேயேதான் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-ல் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்றது. எண்ணெயை மாற்றியதால் இது மாறாது, அதனால் எதை வாங்கினாலும் டிபன் பாக்ஸில் தினமும் வைக்க வேண்டாம், எப்போதாவது ஒருநாள் போதும்.

பிள்ளைகளில் யாருக்காவது சோயாவோ பாலோ ஒத்துக்கொள்ளாது என்றால், தாவர எண்ணெய் வகையை எடுக்கும் முன் ஒவ்வாமை பற்றிய வரியையும் கட்டாயம் படியுங்கள்.