அரிதான பழைய ஹாட் ஹேட்ச் கார்களுக்குக் கேட்கப்படும் அதிக விலை நியாயமானதா?

சில கார்களுக்கு நியாயம்தான், ஆனால் பலவற்றுக்கு இல்லை. ஹாட் ஹேட்ச் என்பது, சாதாரணச் சிறிய ஹேட்ச்பேக் காரின் உடலில் வலிமையான எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் பொருத்திய வகையாகும். அவற்றுள் இருபது, முப்பது ஆண்டுகள் கடந்தும் விரும்பப்படுபவையே நவீன கிளாசிக் எனப்படுகின்றன.

விலை உயர்வதற்குக் காரணம், எத்தனை தயாரிக்கப்பட்டன என்பதைவிட, எத்தனை கெடாமல் மிஞ்சின என்பதே. இளைஞர்கள் கைக்கு எட்டிய விலையில் விற்ற இக்கார்கள் முரட்டுத்தனமாக ஓட்டப்பட்டன. பல மோதின, பல திருடுபோயின, எஞ்சியவற்றில் பல மனம்போனபடி மாற்றியமைக்கப்பட்டன.

1993-இல் வந்த ரெனோ கிளியோ வில்லியம்ஸைப் பாருங்கள். நீல உடல், தங்கநிறச் சக்கரங்கள், 1,998 சி.சி. எஞ்சின், டேஷ்போர்டில் வரிசை எண் பொறித்த சிறு தகடு. குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே வரும் என்று நம்பி வாங்கியவர்கள், இரண்டாம், மூன்றாம் பதிப்புகளும் வெளிவந்தபோது கொதித்துப்போனார்கள். அது நியாயமான கோபம்தான். இன்றும் தகடுள்ள முதல் பதிப்பையே சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுகிறார்கள். (வில்லியம்ஸ் பந்தய அணி பெயரைத் தந்ததோடு சரி, காரை உருவாக்கியது ரெனோவே.)

பழைய வீடு வாங்கும்போது சுவரின் வண்ணத்தைவிட வில்லங்கமில்லாத பத்திரத்தைத்தானே முதலில் பார்ப்போம்? இங்கே அந்தப் பத்திரம், முழுமையான சர்வீஸ் பதிவும், துருப்பிடிக்காத அடிப்பாகமும், மாற்றப்படாத அசல் பாகங்களும் ஆகும்.

விளம்பரத்தில் காணும் தொகையையே சந்தை மதிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அது விற்பவரின் விருப்பம் மட்டுமே, ஏலத்தில் உண்மையில் கைமாறிய தொகைதான் மதிப்பு.