கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கம் சின்ன விடுதி தொடங்குகிறோம். முகநூலில் போட எப்படிப்பட்ட படங்கள் எடுக்கலாம்?

ஆள் வரவேணும், வந்த ஆள் திட்டாமல் போகவேணும் என்று கேட்கிறீங்கள் போல. அப்ப ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எடுத்த மாதத்தைப் போடுங்கோ. எங்கட குளங்கள் நிரம்புறது ஒக்டோபருக்குப் பிறகு வாற மழையில். வான்கதவு திறந்து நுரை தள்ளுற டிசெம்பர்ப் படத்தை வருஷம் முழுக்க ஓடவிட்டால், ஓகஸ்டில் பிள்ளைகளோட வாற குடும்பம் தண்ணி வத்தின அலைகரையில் மாடு மேயிறதைத்தான் பார்க்கும். ஏச்சு விழுறது குளத்துக்கு இல்லை, உங்கட விடுதிக்கு. கோடைப் படத்தையும் சேர்த்துப் போடுங்கோ. பின்னேர வெயிலில் அதுவும் வடிவுதான்.

அறையைப் போனின்ர 0.5 லென்ஸால் எடுக்காதேங்கோ. ஓரங்களை இழுத்துப் பத்தடி அறையை மண்டபமாக்கிப்போடும். கதவும் கட்டிலும் ஒரே படத்தில் வந்தால் அளவு விளங்கும்.

ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி வேணும். இரணைமடுவில் விமானப்படை ஓடுபாதையும் இருக்கு, விளையாடாதேங்கோ.

மன்னார் வங்காலைப் பக்கம் போனால், பூநாரைகளை வாகனத்துக்குள்ள இருந்தே எடுங்கோ. இறங்கி நடந்தால் மேயிறதை விட்டுத் தலையைத் தூக்கும், பிறகு நெருங்கிக் கூட்டமாய் விலகும். தலை தூக்கின உடனேயே நில்லுங்கோ. கிளப்பிவிட்டு எடுத்த பறக்கிற படம் எனக்குப் பிடிக்காது.

ஆக்களை எடுத்தால் படத்தைக் காட்டி, "விடுதி விளம்பரத்துக்கு" என்று சொல்லியே கேளுங்கோ. சும்மா சிரிச்சுத் தலையாட்டினது சம்மதம் இல்லை. பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிட்டை. 2017 இலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின்ர படத்தோட போராடுற தாய்மாரையும் முள்ளிவாய்க்கால் நினைவிடத்தையும் விளம்பரத்தில் சேர்க்கவே வேண்டாம். போரைப் பற்றிப் படமே எடுக்கக்கூடாதோ என்று சண்டைக்கு வராதேங்கோ. பத்திரிகைக்காரர் எடுக்கட்டும், எடுக்கத்தான் வேணும். அறை வாடகைக்குப் பக்கத்தில் போடுறதுதான் பிழை.

கேட்காட்டியும் சொல்லுறன்: குளக்கட்டில் கலர்ப்புகை விட்டு, பேணியை அங்கயே எறிஞ்சிட்டுப் போற கலியாணப் படக்காரருக்கு ஆர் சொல்லுறது?

பறவைகள் கூடு கட்டுற இடங்களை எடுக்கேக்க போன் கமராவில் லொக்கேஷனை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டிப் படத்துக்குள்ள இடமும் பதிஞ்சுபோகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாய் அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும், டொக்கியுமென்டாய் அனுப்பினால் அப்படியே போகும்.