சாளக்கிராமமும் ஊறிப்போன கதவும் – கடிதம்

வணக்கம் சார்,

போன மாசம் அம்மாவை நேபாளத்துல இருக்கற முக்திநாத் கூட்டிட்டுப் போனேன். காளி கண்டகி ஆத்துல கிடைச்சதுன்னு ஒரு சாளக்கிராமம் வாங்கிட்டு வந்தாங்க. ஒன்பதாவது படிக்கிற என் பையன், "பாட்டி, இது சாமி இல்ல, ஃபாசில், கல்லாப்போன பழைய பிராணி"னு சொல்லிட்டான். அம்மா ரெண்டு நாளா சரியா பேசல. அவன் சொன்னது சரியா? அம்மாகிட்ட என்ன சொல்றது? 5 கோடி வருஷம் முன்னாடி இந்தியா ஆசியா மேல மோதினப்போ எவ்ளோ பெரிய சத்தம் கேட்டிருக்கும்? இமயமலையில ஏன் எரிமலை இல்ல? குமரிக்கண்டமும் இப்படித்தான் முழுகிச்சா? பூமித்தாய்க்கு கோபம் வந்தா நாமெல்லாம் எம்மாத்திரம்!

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

குமரிக்கண்டத்தை விடுங்க, அதைப் பத்தி ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும். எரிமலைக்கு பதில் சின்னது: கடல்தரை பூமிக்குள்ள போனா அதோட தண்ணியும் போகும், அந்தத் தண்ணிதான் அடியில பாறையை உருக வைக்கும், இங்க கடல்தரை போய் முடிஞ்சு கண்டமும் கண்டமும் முட்டிக்கிட்டு நிக்குது. கடல்தரை இன்னும் உள்ள போற அந்தமான் பக்கம் பாருங்க, பேரன் (Barren) தீவுல எரிமலை இருக்கு.

பூமித்தாய் கோபம்னு எழுதினதுக்கு உங்களை நல்லா திட்டணும். 1934 பீகார் பூகம்பத்தை தீண்டாமைப் பாவத்துக்கு வந்த தண்டனைன்னு காந்தியே சொல்லி தாகூர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார். நீங்களும் நானும் எந்த மூலைக்கு?

ஆனா என் உண்மையான சண்டை "மோதினப்போ"ங்கற உங்க வார்த்தையோடதான். எங்க ஸ்கூல் புக்குலயும் "மோதியது"ன்னுதான் போட்டிருந்தது, ஏதோ ரெண்டு பஸ் முட்டிக்கிட்டு போலீஸ் வந்து எழுதிட்டுப் போன மாதிரி. மோதிக்கிட்டு இருக்கு தம்பி. இப்ப நீங்க இதைப் படிக்கிற இந்த நேரத்துலயும். வருஷத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வடக்க போய்க்கிட்டு இருக்கு இந்தியா, கிட்டத்தட்ட நகம் வளர்ற வேகம், இதுல என்ன சத்தம் கேக்கும்?

சத்தம் வேற மாதிரி கேக்கும். மழைக்காலத்துல ஊறிப்போன மரக்கதவை தள்ளிப் பாத்திருக்கீங்களா? தோளைக் குடுத்து தள்ளுவோம், அசையாது, இன்னும் தள்ளுவோம், அசையவே அசையாது, திடீர்னு படார்னு திறந்து நாம உள்ள போய் விழுவோம். அந்த 5 சென்டிமீட்டர்ல ஏறக்குறைய 2 சென்டிமீட்டரை இமயமலை அடிவாரம்தான் வாங்கிக்கணும். ஆனா அங்க கீழ் பாறையும் மேல் பாறையும் பூட்டிக்கிட்டு நிக்குது. நூறு வருஷம் பூட்டி நின்னா 2 மீட்டர் பாக்கி. அதுல ஒரு பங்குதான் 2015 ஏப்ரல் 25 மத்தியானம் நேபாளத்துல படார்னு திறந்தது, 7.8 அளவு பூகம்பம். காத்மாண்டு ஊரே ஒரு மீட்டர் போல மேல எழும்பி தெற்க ஒண்ணரை மீட்டருக்கு மேல நகர்ந்துச்சு, கிட்டத்தட்ட 9,000 பேர் போனாங்க. சனிக்கிழமை அங்க லீவு, ஸ்கூல்ல பசங்க இல்ல, இருந்திருந்தா நினைக்கவே முடியல. இதுல எங்க "மோதியது" இறந்தகாலம்? வாத்தியார்கள் யாராவது படிச்சா தயவுசெஞ்சு இந்த ஒரு வினைச்சொல்லையாவது மாத்திச் சொல்லிக் குடுங்க.

சரி, சாளக்கிராமம். உங்க கடிதத்தைப் படிச்சதுல இருந்து எனக்கு என் பாட்டி ஞாபகமாவே இருக்கு. அவங்க பூஜை அலமாரியில எலுமிச்சம்பழ சைஸ்ல கருப்பா ஒண்ணு இருந்துச்சு, தினம் ஒரு கரண்டி பால் ஊத்தி, துணியால ஒத்தி எடுத்து, துளசி வெப்பாங்க. ஒரு பக்கம் உடைஞ்ச வாய் மாதிரி ஓட்டை, உள்ள விரலை விட்டா வரிவரியா சுருள் தட்டும், அதுதான் சக்கரம்பாங்க. நான் காலேஜ் முதல் வருஷம், அரைகுறையா படிச்சுட்டு வந்து, "பாட்டி இது அம்மோனைட், நத்தை மாதிரி சுருண்ட ஓட்டுக்குள்ள வாழ்ந்த கடல் பிராணி, கணவாய் மீனுக்கு சொந்தம், 15 கோடி வருஷம் இருக்கும், அப்ப அந்த இடம் டெத்திஸ்னு ஒரு கடல், இந்தியா வந்து தள்ளினதுல அதோட அடிச்சேறுதான் மலையாச்சு"ன்னு மூச்சு விடாம கொட்டினேன். இந்தியா வந்து சேர்றதுக்கு முன்னாடியே அந்த இனம் டைனோசரோட அழிஞ்சு போச்சுன்னும் சேத்துச் சொன்னேன், அவ்ளோ திமிரு.

பாட்டி கோவிச்சுக்கல. கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "உப்புத் தண்ணில இருந்தவருக்கா இத்தனை நாளா பால் ஊத்தினேன்? ஒத்துக்குமா அவருக்கு?"ன்னு கேட்டாங்க. நிஜமான கவலை. மறுநாளும் பால்தான் ஊத்தினாங்க, கொஞ்சம் தண்ணி கலந்து.

உங்க பையன் சொன்னது சரி, சொன்ன விதம் தப்பு. அவனை அம்மா பக்கத்துல உக்கார வெச்சு, திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம்ங்கற தலம் நீங்க போன முக்திநாத் பக்கம்தான், 3,700 மீட்டருக்கு மேல இருக்கு, அங்க கடல் பிராணி எப்படி ஏறிச்சுன்னு அவனையே விளக்கச் சொல்லுங்க. "இல்ல"ங்கற வார்த்தை இல்லாம விளக்கணும்.

அப்புறம், உங்க அம்மா வாங்கின கல்லுல சுருள் வெளிய தெரியுதா, இல்ல ஓட்டைக்குள்ளயா? போட்டோ எடுத்து அனுப்புங்க. பாட்டியோடது சித்தப்பா வீட்டுக்குப் போய் 20 வருஷம் ஆச்சு, பாத்தே ரொம்ப நாளாச்சு.