அணு உலையைக் கலைக்கும் பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணுமின் நிலையத்தை மூடிக் கலைப்பதற்கான செலவை, அது ஓடும் காலத்திலேயே மின்கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஓர் ஐயம். அந்த உலைகள் கரும்புகை இல்லாமல் மின்சாரம் தந்தன. அந்தப் பலன் நம் பேரப்பிள்ளைகளுக்கும்தானே? அவர்களும் செலவில் பங்கேற்றால் என்ன? கடைசியில் எப்படியும் அரசு பார்த்துக்கொள்ளும். தனி நிதி, தனிக் கணக்கு என்று இத்தனை கெடுபிடி எதற்கு?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பலன் அவர்களுக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செலவில் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பங்கு விழுந்துவிட்டது. அமெரிக்காவின் மேய்ன் யாங்கி நிலையம் 1997-ல் மூடப்பட்டது. 2005-க்குள் கலைத்தும் முடித்துவிட்டார்கள். பயன்படுத்திய எரிபொருள் மட்டும் கான்கிரீட் கலங்களில், காவலோடு, அங்கேயே நிற்கிறது. 1998 முதல் அதை எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்த மத்திய அரசு இன்னும் எடுக்கவில்லை. வழக்குப் போட்ட நிறுவனங்களுக்கு வரிப்பணத்திலிருந்து இழப்பீடு கொடுத்துவருகிறது. அந்த உலை நின்றபின் பிறந்தவர்களும் இன்று அந்த வரியைக் கட்டுகிறார்கள். இதற்குமேலும் அவர்கள் தலையில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

'அரசு பார்த்துக்கொள்ளும்' என்கிறீர்கள். நான் கெடுபிடி செய்வதே அதனால்தான். பிரிட்டனில் 1990-ல் மின்துறையைத் தனியாருக்கு விற்றபோது அணு உலைகளை வாங்க ஆளில்லை. கலைக்கும் செலவு பற்றிய பயம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். உலைகள் அரசிடமே தங்கின. அவற்றைக் கலைப்பது, கழிவைப் பார்த்துக்கொள்வது போன்ற பழைய பொறுப்புகளைச் சமாளிக்க மின்கட்டணத்தில் ஒரு வரி போட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி பவுண்டு வந்தது. ஆனால் அந்தப் பணத்தைத் தனியே பூட்டிவைக்கச் சட்டத்தில் வழி செய்யவில்லை. அதில் கணிசமான பகுதி சைஸ்வெல் பி என்ற புதிய உலையைக் கட்டப் போய்விட்டது. யாரும் திருடவில்லை. கையில் பணம் இருந்தது, கண்முன்னே ஒரு தேவை இருந்தது, கலைக்கும் நாளோ வெகுதூரத்தில் இருந்தது. பிறகு 1996-ல், இருந்த உலைகளில் பிற்காலத்தில் கட்டியவற்றை மட்டும் தனியாருக்கு விற்றார்கள். அவற்றை நடத்திய தனியார் நிறுவனம் 2002-ல் திவாலாகும் நிலைக்கு வந்தது. அரசு மறுபடியும் உள்ளே வரவேண்டியதாயிற்று.

ஜெர்மனியில் வேறு கதை. அங்கே நிறுவனங்கள் இந்தச் செலவைத் தங்கள் கணக்கேட்டில் ஒதுக்கீடாகக் காட்டிவந்தன. பணமோ அவர்களுடைய தொழிலிலேயே முடங்கியிருந்தது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, 2011-ல், உலைகளை மூட அரசு முடிவெடுத்தது. நிறுவனங்களின் மதிப்பும் சரிந்தது. தொழில் படுத்தால் ஒதுக்கீடும் சேர்ந்து படுத்துவிடுமே என்ற கவலை அப்போதுதான் பெரிதாக எழுந்தது. 2017-ல் அந்த நிறுவனங்கள் சுமார் 2,400 கோடி யூரோவை ஒரு பொது நிதியில் செலுத்தின. கழிவைச் சேமிப்பதும் புதைப்பதும் அதன்பின் அரசின் பொறுப்பு. உலையைக் கலைப்பது நிறுவனங்களின் பொறுப்பு. அந்தத் தொகையில் ஒரு பகுதி, பின்னால் செலவு கூடினால் ஈடுகட்ட வாங்கிய கூடுதல் பணம். இதை நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனாலும் செலவு அதையும் மீறினால் மிச்சத்தைக் கட்டப்போவது மக்கள்தான்.

எனவே எவ்வளவு சேர்த்தார்கள் என்பதைவிட, அது யார் கையில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். அடுத்து, என்ன வட்டியை நம்பிக் கணக்குப் போட்டார்கள் என்று. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஐம்பது ஆண்டு கழித்து 100 தேவை. விலைவாசி போக ஆண்டுக்கு 2 சதவீதம் வளரும் என்றால் இன்று 37 வைக்கவேண்டும். 4 சதவீதம் என்றால் 14 போதும். வேலை அதேதான், கழிவும் அதேதான். ஓர் எண்ணை மாற்றியதில் இன்றைய சுமை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. குறித்த காலத்துக்கு முன்பே உலையை மூட நேர்ந்தால் இன்னும் மோசம். வசூல் அன்றோடு நின்றுவிடும், செலவு உடனே தொடங்கிவிடும்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பங்கு விடுவதில் நான் உங்களோடு ஒத்துப்போகும் இடமும் உண்டு. உலையை மூடியவுடன் கலைக்காமல் காத்திருப்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. உலையின் எஃகில் ஊறிய கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஐந்தேகால் ஆண்டுக்கொருமுறை பாதியாகக் குறையும். ஐம்பது ஆண்டில் எழுநூறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கலைக்கும் தொழிலாளியின் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு அந்த அளவுக்குக் குறையும் என்றால், அந்த வேலையைப் பின்வருபவர்களுக்கு விடலாம். ஆனால் அதற்குள் அந்த உலையை ஓட்டியவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றிருப்பார்கள். எந்தக் குழாயில் என்ன ஓடியது, எங்கே கசிந்தது, எந்தச் சுவரை உடைத்து மறுபடி பூசினார்கள் என்பதை வரைபடத்தையும் பதிவேட்டையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தேடலுக்கும் ஆகும் செலவை இன்றைய நிதியில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அன்புடன்